மால்டாவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: காற்றைப் பார்த்துக் கடற்கரையைத் தேர்ந்தெடுக்கும் வழி

மத்தியதரைக் கடலின் நடுவில், சிசிலிக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டரில் இருக்கிறது மால்டா. மால்டா, கோசோ, கொமினோ என்று மூன்று தீவுகள். பெரிய தீவே 27 கிலோமீட்டர் நீளம், 14.5 கிலோமீட்டர் அகலம்தான். ஒரு கரையில் அலை அடித்து நொறுக்கும் நாளில், பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள இன்னொரு கரையில் கடல் குளம்போல் கிடக்கும்.

புதிதாகப் போகிறவர்கள் பலர் ஊரிலிருந்தே திங்கள் இந்தக் கடற்கரை, செவ்வாய் அந்தக் கடற்கரை என்று அட்டவணை போட்டுவிடுகிறார்கள். செவ்வாயன்று காற்று எந்தப் பக்கமிருந்து வீசும் என்பது அந்த அட்டவணையில் இருக்காது. அலையில் தண்ணீரில் இறங்க முடியாமல் மணலில் உட்கார்ந்துவிட்டு, மால்டா சுமார்தான் என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறார்கள். முன்பதிவு கட்டாயமான நிலத்து இடங்களுக்கு மட்டும் நாள் குறியுங்கள். கடலில் இறங்கும் இடத்தை அன்றன்று காலையில் முடிவு செய்யுங்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த அடிப்படையில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

எந்த மாதம்

நீந்துவதும் சுற்றிப் பார்ப்பதும் இரண்டும் வேண்டுமென்றால் செப்டம்பர் இரண்டாம் வாரம் முதல் அக்டோபர் நடு வரை போங்கள். கோடை முழுவதும் சூடேறிய கடல் மெதுவாகத்தான் ஆறும். அக்டோபரில்கூடத் தண்ணீர் 23, 24 டிகிரி இருக்கும். மே மாதத்தில் வெயில் இதமாகத் தெரிந்தாலும் தண்ணீர் 18, 19 டிகிரிதான். வங்கக் கடலில் குளித்துப் பழகியவர்களுக்கு அது உறைய வைக்கும் குளிர். ஜூலை, ஆகஸ்ட்டில் பகல் வெப்பம் சாதாரணமாகவே 31, 32 டிகிரி. அனல் வீசும் நாட்களில் 40ஐ நெருங்கும். அந்த மாதங்களில் மழை மிக அரிது, கூட்டமும் உச்சத்தில் இருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை தலைநகர் வல்லெட்டாவையும் பழங்காலக் கோயில்களையும் நிம்மதியாகப் பார்க்கலாம். கடற்கரைக்காக அந்த மாதங்களில் போக வேண்டாம்.

கிளம்பும் முன்

மால்டா 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2007இல் ஷெங்கன் வட்டத்திலும் சேர்ந்தது. 2008 முதல் யூரோதான் நாணயம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள் முன்பு, ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுத்திருக்க வேண்டும். விடுமுறை முழுவதும் மால்டாவில் என்றால் மால்டாவிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இத்தாலியோடு சேர்த்துப் போனால், எந்த நாட்டில் அதிக இரவுகளோ அந்த நாட்டிடம். துபாய் வழியாகவும் இஸ்தான்புல் வழியாகவும் விமானங்கள் உண்டு. ரோம், ஃபிராங்ஃபர்ட் வழியாகப் போனால் குடிவரவுச் சோதனை அங்கேயே முடிந்துவிடும். அதற்கு இணைப்பு விமானத்துக்கு இடையில் போதிய நேரம் விடுங்கள்.

பிரிட்டிஷ் ஆட்சியில் 1964 வரை இருந்த நாடு. அதனால் ஆங்கிலம் ஆட்சிமொழிகளில் ஒன்று, வண்டிகள் இடதுபக்கம் ஓடும், சுவரில் சதுர முள் கொண்ட பிரிட்டிஷ் பிளக். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து போகிறவர்களுக்கு அடாப்டர் வேண்டாம். இந்தியாவின் உருண்டை முள் அங்கே நுழையாது.

பெட்டியில் கட்டாயம் இருக்க வேண்டியது ரப்பர் அடியுள்ள தண்ணீர்ச் செருப்பு. மால்டாவின் நீச்சல் இடங்களில் பெரும்பகுதி பாறைக்கரை. சுண்ணாம்புப் பாறை காலைக் கிழிக்கும், தண்ணீருக்கடியில் கடல் முள்ளெலி என்ற, உடலெங்கும் முள் உள்ள கறுப்புச் சிற்றுயிர்கள் ஒட்டியிருக்கும். முள் பாதத்தில் ஏறினால் ஒடிந்து உள்ளே தங்கிவிடும், இரண்டு மூன்று நாள் நடக்க விடாது.

ஹிபோஜியம் என்ற நிலத்தடிக் கல்லறையைப் பார்க்க ஆசையிருந்தால் விமானச்சீட்டு உறுதியான அன்றே அதற்கும் பதிவு செய்யுங்கள். ஏன் என்பது பின்னால் வருகிறது.

வரைபடத்தில் ஊர்ப்பெயர் தேடும்போது ஒரு குறிப்பு உதவும். மால்டிய எழுத்தில் எக்ஸ் வந்தால் ‘ஷ’ என்று ஒலிக்கும், க்யூ பெரும்பாலும் காதில் விழாது. மார்சஷ்லோக், ஷ்லெண்டி, ஹஜார் இம் என்று கீழே வரும் பெயர்களை அப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கே தங்குவது

ஸ்லீமா, அதை ஒட்டிய கிஸீரா: முதல்முறைக்கு இதுதான் எங்கள் பரிந்துரை. பஸ்கள் எல்லாப் பக்கமும் போகும், வல்லெட்டாவுக்குப் பயணிகள் படகு உண்டு, கடலோர நடைபாதை நீளமானது. பக்கத்திலுள்ள பாச்செவில் இரவு விடுதிகளின் பகுதி. குழந்தைகளோடு போகிறவர்கள் அங்கே அறை எடுத்தால் விடியும் வரை தூங்க முடியாது. வல்லெட்டாவுக்குள் தங்குவது அழகு, ஆனால் தெருக்கள் படிக்கட்டுகளாக ஏறி இறங்கும், பல பழைய கட்டடங்களில் லிஃப்ட் இல்லை. முதியவர்கள் உடனிருந்தால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மணற்கரையே முக்கியம் என்றால் வடக்கே மெல்லியேஹா. அங்கிருந்து வல்லெட்டா பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கோடை நெரிசலில் இன்னும் கூடும்.

ஏழு நாள் பயணமென்றால் ஐந்து இரவு ஸ்லீமாவிலும் இரண்டு இரவு கோசோவிலும் தங்குங்கள். கோசோவை ஒரே பகலில் போய்வந்து முடிப்பது நாளின் பாதியைப் பஸ்ஸிலும் கப்பலிலும் கழிப்பதாகிவிடும்.

பஸ், படகு, கார்

ரயில் இல்லை. பஸ்தான் எல்லாம். கோடைக்காலப் பகல் கட்டணம் ஏறும்போது கொடுத்தால் 2.50 யூரோ, அந்தச் சீட்டு 2 மணி நேரத்துக்குச் செல்லும். அதற்குள் வேறு பஸ் மாறினாலும் புதுச் சீட்டு வேண்டாம். வங்கி அட்டையைத் தட்டியும் கொடுக்கலாம். ஏழு நாள் அட்டை 25 யூரோ. பத்துப் பயணத்துக்கு மேல் போவீர்கள் என்றால் அது லாபம், கோசோவிலும் செல்லும். விமான நிலையத்திலேயே வாங்கிவிடுங்கள்.

நிறுத்தத்தில் நின்றால் மட்டும் பஸ் நிற்காது. எண்ணைப் பார்த்ததும் கையைக் காட்ட வேண்டும். ஆகஸ்ட்டில் காலை 9 மணிக்கு மேல் ஸ்லீமாவின் நடு நிறுத்தங்களில் நின்றால் நிரம்பிய பஸ்கள் நிற்காமலே கடந்துபோகும். இதற்கு ஒரே வழி, பஸ் புறப்படும் இடத்துக்கே நடந்து போய் ஏறுவது. ஸ்லீமாவில் அது படகுத்துறைப் பக்கம். வல்லெட்டாவில் நகர வாசலுக்கு வெளியே டிரைட்டன் நீரூற்றைச் சுற்றியுள்ள நிலையம். 41, 42 வல்லெட்டாவிலிருந்து மெல்லியேஹா வழியாக வடமுனையான சிர்க்கெவ்வா துறைக்குப் போகும். ஸ்லீமாவிலிருந்து அங்கே போக 222. ஹஜார் இம் கோயில்களுக்கும் நீலக்குகைக்கும் வல்லெட்டாவிலிருந்து 74. எண்கள் அவ்வப்போது மாறும் என்பதால் கிளம்பும் முன் கைப்பேசியில் ஒருமுறை சரிபாருங்கள்.

ஸ்லீமாவிலிருந்து வல்லெட்டாவுக்குப் பஸ் வேண்டாம், படகில் போங்கள். பஸ் துறைமுகத்தைச் சுற்றி நெரிசலில் ஊர்ந்து போகும்போது படகு சில நிமிடங்களில் நேரே கடந்துவிடும். கோட்டைச் சுவர்களின் முழு அழகும் அந்தப் படகிலிருந்துதான் தெரியும்.

கார் எடுக்கலாமா? இடதுபக்க ஓட்டம் நமக்குப் பழக்கம்தான். ஆனால் மால்டாத் தீவில் வண்டி நிறுத்த இடம் தேடியே நாள் போகும். வெள்ளைக் கோடிட்ட கட்டங்களில் மட்டும் நிறுத்துங்கள், மற்ற நிறங்கள் குடியிருப்போருக்கும் சிறப்பு உரிமையுள்ளோருக்கும். கோசோவில் இரண்டு நாளுக்கு மட்டும் கார் எடுப்பது புத்திசாலித்தனம். அங்கே பஸ்கள் பெரும்பாலும் மணிக்கு ஒன்றுதான். இரவில் திரும்ப போல்ட், ஊபர், ஈகேப்ஸ் செயலிகள் உண்டு.

காலையில் காற்றைப் பார்க்கும் முறை

இதுதான் இந்த வழிகாட்டியின் மையம். ஐந்து நிமிட வேலை.

முதலில், காற்றின் திசையைக் காட்டும் ஏதாவது ஒரு வானிலைச் செயலியைத் திறந்து காலை 9 மணி, மதியம் 2 மணி இரண்டுக்கும் திசையையும் வேகத்தையும் பாருங்கள். காற்றுக்குப் பெயர் வைப்பது அது வரும் திசையை வைத்து. ‘வடமேற்குக் காற்று’ என்றால் வடமேற்கிலிருந்து வருகிறது, தென்கிழக்கை நோக்கிப் போகிறது. செயலியின் அம்பு போகும் திசையைக் காட்டும், எழுத்து வரும் திசையைச் சொல்லும். புதியவர்கள் அம்பை மட்டும் பார்த்துத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, அலை அடிக்கும் கரைக்கே போய்ச் சேர்கிறார்கள்.

அடுத்து வேகம். மணிக்கு 15 கிலோமீட்டருக்குக் கீழே என்றால் எந்தக் கரைக்கும் போகலாம். 20ஐத் தாண்டினால் காற்று நேராக மோதும் கரையைத் தவிருங்கள். 30ஐத் தாண்டினால் சுற்றுலாப் படகுகள் ரத்தாகும் வாய்ப்பு அதிகம்.

இனி திசைக்கேற்ற இடம்.

வடமேற்குக் காற்றுக்கு அங்கே மஜ்ஜிஸ்ட்ரால் என்று பெயர். ஆண்டில் மிக அதிகமாக வீசுவது இதுதான். இது வீசும் நாளில் மேற்குக் கரையிலுள்ள கோல்டன் பே, அய்ன் துஃபியேஹா, ஜ்னேய்னா மூன்றிலும் அலை ஏறும். கோசோவின் ராம்லாவும் கெடும். அன்று தென்கிழக்கே புனித பீட்டர் குளத்துக்குப் போங்கள். தெற்குக் கரையின் நீலக்குகைப் படகுச் சவாரிக்கும் அதுவே ஏற்ற நாள். மெல்லியேஹா வளைகுடாவிலும் தண்ணீர் தட்டையாக இருக்கும், ஏனென்றால் அதன் பின்னாலுள்ள மேட்டுநிலம் அலையைத் தடுக்கிறது. ஆனால் காற்று நிலத்திலிருந்து கடல் பக்கம் தள்ளும். குழந்தைகளின் காற்று மெத்தை, ரப்பர் வளையம் இவற்றை அன்று தண்ணீரில் விடாதீர்கள். அமைதியான தண்ணீரைப் பார்த்து ஏமாந்துவிட்டால், மெத்தை கைக்கெட்டாத தூரத்துக்குப் போக ஓரிரு நிமிடமே போதும்.

வடகிழக்குக் காற்று கிரிகால். குளிர்மாதங்களில் கடுமையாக வரும், இலையுதிர்காலத்திலும் தலைகாட்டும். மெல்லியேஹா வளைகுடா, ஸ்லீமா பாறைக்கரை இரண்டும் நேராக அடி வாங்கும். மேற்குக் கரையிலுள்ள மூன்று மணற்கரைகளும் அன்று அருமையாக இருக்கும்.

தென்கிழக்குக் காற்று ஷ்லோக். ஆப்பிரிக்காவின் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து வரும், சில நாளில் சஹாராவின் தூசியும். புனித பீட்டர் குளமும் மார்சஷ்லோக் பக்கமும் அன்று வேண்டாம். கோல்டன் பேக்குப் போங்கள், அல்லது அன்றைக்கென்று வல்லெட்டாவின் தேவாலயத்தையும் அருங்காட்சியகங்களையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நேற்றைய காற்றையும் பாருங்கள். பலமான மஜ்ஜிஸ்ட்ரால் நின்ற மறுநாள் வானம் தெளிந்து காற்றே இல்லாமல் இருக்கும். ஆனால் கடலுக்குள் எழுந்த அலை மேற்குக் கரையில் இன்னொரு நாள் வந்து மோதிக்கொண்டிருக்கும். அய்ன் துஃபியேஹாவில் உள்ளிழுக்கும் நீரோட்டம் உருவாவது இப்படிப்பட்ட நாட்களில்தான். பார்க்க அழகான நாள் என்பதால் எச்சரிக்கை இல்லாமல் இறங்கிவிடுகிறார்கள்.

கோடையில் பொதுவாகக் காலை அமைதி, பிற்பகலில் காற்று. படகுச் சவாரி எதுவானாலும் காலையில் முடித்துவிடுங்கள்.

கடற்கரைகள்

மெல்லியேஹா வளைகுடா நாட்டிலேயே நீளமான மணற்கரை, ஏறத்தாழ 800 மீட்டர். கரையிலிருந்து வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீரிலேயே நடக்கலாம். நீச்சல் தெரியாதவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இதைவிடப் பொருத்தமான இடம் மால்டாவில் இல்லை. பஸ் கரையோரமே நிற்கும்.

கோல்டன் பேயும் அய்ன் துஃபியேஹாவும் ஒரு குன்றின் இருபுறம். வல்லெட்டாவிலிருந்து 44. கோல்டன் பேயில் பெரிய ஹோட்டல், கடைகள், கூட்டம். அய்ன் துஃபியேஹாவுக்கு ஏறத்தாழ 200 படி இறங்க வேண்டும், அதனால்தான் அங்கே கூட்டம் குறைவு. களிமண் சரிவுகளுக்கு நடுவே செம்மணல் கரை. இரண்டில் எங்கள் மனசு அய்ன் துஃபியேஹா பக்கம்தான். சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க மாலை 5 மணிக்கு மேல் போனால் வெயிலும் கூட்டமும் தணிந்திருக்கும். ஏறும்போது மூச்சு வாங்கும் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் கோல்டன் பேயிலேயே நின்றுகொள்ளலாம், அதே சூரியன் அங்கேயும் மறைகிறது.

புனித பீட்டர் குளம் மணற்கரை அல்ல. தட்டையான வெளிர்மஞ்சள் பாறை அரைவட்டமாக வளைந்து, நடுவில் ஆழமான பச்சைத் தண்ணீர். மார்சஷ்லோக்கிலிருந்து வெயிலில் 40 நிமிடம் நடை, அல்லது துறைமுகத்திலிருந்து சிறு படகு. நிழல் இல்லை, உயிர்காப்பாளர் இல்லை. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் மட்டும் போங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள். பாறையிலிருந்து குதிப்பவர்களைப் பார்த்து நீங்களும் குதிப்பதற்கு முன், ஏணி வழியாக இறங்கி அந்த இடத்தின் ஆழத்தை ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

ஸ்லீமாவில் தங்குபவர்களுக்கு நடைபாதைக்குக் கீழேயே பாறைக்கரை உண்டு, ஏணிகளும் உண்டு. ஆனால் அலை இருந்தால் ஏணியைப் பிடித்து ஏறுவதுதான் சிரமம். இறங்கும் முன் ஐந்து நிமிடம் நின்று, அலை ஏணியில் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று கவனியுங்கள்.

கரையில் பழுப்பு நிற இலைக்குவியல் கண்டால் அழுக்கு என்று முகம் சுளிக்க வேண்டாம். பொசிடோனியா என்ற கடற்புல்லின் உதிர்ந்த இலை அது. மணல் அரித்துப்போகாமல் காப்பதே அந்தக் குவியல்தான்.

கொமினோவின் நீலக் காயல்

மால்டா விளம்பரம் எதைப் பார்த்தாலும் முதலில் வருவது இந்த இடம். கொமினோவுக்கும் கொமினொட்டோ என்ற பாறைத் தீவுக்கும் நடுவே வெள்ளை மணல் தரையின்மேல் தெளிந்த தண்ணீர். நிறம் படத்தில் இருப்பதுபோலவே இருக்கும். கூட்டம் மட்டும் படத்தில் வராது.

நெரிசலைக் குறைக்க 2025 முதல் கரையிறங்க இலவச முன்பதிவு கட்டாயமாகியுள்ளது. காலை 8 முதல் 1 மணி, பிற்பகல் 1.30 முதல் 5.30, மாலை 6 முதல் 10 என்று மூன்று நேரப் பகுதிகள். இணையத்தில் பெயர் பதிந்து கியூஆர் குறியீட்டைப் பெற்று, அங்கே காட்டி மணிக்கட்டுப் பட்டை வாங்க வேண்டும். படகுச் சீட்டு வாங்கியதாலேயே இந்தப் பதிவும் ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். உங்கள் படகுக்காரர் அதைச் செய்துதருகிறாரா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

சிர்க்கெவ்வாவிலிருந்து காலையின் முதல் படகில் ஏறுங்கள். அரை மணிக்குள் போய்விடலாம். ஸ்லீமாவிலிருந்து வரும் பெரிய உல்லாசப் படகுகள் பத்தரை, பதினொன்று வாக்கில்தான் சேரும். அதற்குமுன் கிடைக்கும் இரண்டு மணி நேரம்தான் நீலக் காயலின் உண்மையான அழகு. நீந்தும் பகுதியை மிதவைக் கயிறு பிரித்திருக்கும், அதற்கு வெளியே படகுகள் ஓடும். எல்லையைத் தாண்டாதீர்கள். கூட்டம் சேரத் தொடங்கியதும் பாறைப் பாதையில் நடந்து 1618இல் கட்டிய சாந்தா மரியா காவற்கோபுரம் வரை போகலாம். நிழல் மரம் கிடையாது, தொப்பி அவசியம். கடைசிப் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காற்று ஏறினால் அதையும் முன்னதாகவே எடுத்துவிடுவார்கள்.

கோசோ

சிர்க்கெவ்வாவிலிருந்து எம்ஜார் துறைக்குக் கப்பல் 25 நிமிடம், இரவு பகலாக ஓடுகிறது. போகும்போது பணம் கேட்க மாட்டார்கள். திரும்பும்போது எம்ஜாரில் சீட்டு வாங்கினால் போதும், நடந்து ஏறுபவர்களுக்கு 5 யூரோவுக்குள். வல்லெட்டாவிலிருந்து நேரே போகும் விரைவுப் படகு ஏறத்தாழ 45 நிமிடம், சீட்டு தனி. கடல் கொந்தளித்தால் முதலில் ரத்தாவது இந்த விரைவுப் படகுதான். திரும்பிய அன்றே விமானம் என்றால் அதை நம்பாமல் பெரிய கப்பலில் வாருங்கள்.

எம்ஜாரிலிருந்து 301 பஸ் நடு ஊரான விக்டோரியாவுக்குப் போகும். மற்ற எல்லாப் பஸ்களும் அங்கிருந்துதான் பிரிகின்றன. ஒரு கடற்கரையிலிருந்து இன்னொன்றுக்குப் போகவும் பெரும்பாலும் விக்டோரியா வந்தே மாற வேண்டும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் ஜ்கன்டியா கோயிலும் ராம்லா கடற்கரையும். கோயில் கி.மு. 3600 வாக்கில் எழுந்தது, எகிப்தின் பிரமிடுகளைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூத்தது. ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான கற்களை உலோகக் கருவி அறியாத மக்கள் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். திறந்ததும் காலையிலேயே உள்ளே போய்விட்டு, அங்கிருந்து ராம்லாவுக்கு இறங்குங்கள். மணல் உண்மையிலேயே சிவப்பு. வடக்குப் பார்த்த கரை என்பதால் வடக்குப் பக்கத்துக் காற்று எதுவும் ஆகாது. அப்படிப்பட்ட நாளில் தென்மேற்கே ஷ்லெண்டிக்கோ, கொமினோவைப் பார்த்திருக்கும் ஹொண்டொக்குக்கோ மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொரு நாள் ட்வெய்ரா, விக்டோரியாவிலிருந்து 311. பழைய படங்களில் பார்த்த நீலச் சாளரம் என்ற பாறை வளைவைத் தேடாதீர்கள். 2017 மார்ச் 8 அன்று புயலில் அது கடலில் விழுந்துவிட்டது. இடம் இப்போதும் பார்க்கத் தகுந்ததுதான். உள்நாட்டுக் கடல் என்கிற சிறு உப்பேரியிலிருந்து மீன்பிடிப் படகில் ஏறி, பாறைக் குகை வழியே திறந்த கடலுக்கு வருவது குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். பக்கத்திலுள்ள நீலத்துளை முக்குளிப்பவர்களின் இடம். முக்குளிக்க எண்ணமிருந்தால் அதைப் பயணத்தின் தொடக்கத்தில் வையுங்கள். மூழ்கி எழுந்த பிறகு விமானம் ஏற குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும், 24 இருந்தால் நல்லது.

மார்சல்ஃபோர்ன் பக்கம் ஷ்வெய்னி உப்பளங்கள் உண்டு. பாறையில் வெட்டிய சதுரத் தொட்டிகளில் கோடையில் இன்றும் உப்பு எடுக்கிறார்கள். படம் எடுக்கும் ஆசையில் தொட்டிகளுக்குள் கால் வைக்க வேண்டாம், அது ஒரு குடும்பத்தின் விளைச்சல்.

நிலத்தில் பார்க்க வேண்டியவை

ஹிபோஜியம் பாவ்லா ஊரில் நிலத்தடியில் பாறையைக் குடைந்த புதிய கற்காலத்துக் கல்லறை. 1902இல் வீடு கட்டத் தோண்டியபோது வெளிப்பட்டது. மனித மூச்சின் ஈரமும் கரியமில வாயுவும் சுவரோவியங்களை அழிப்பதால் ஒரு மணிக்கு 10 பேர்தான் உள்ளே போகலாம், நாளுக்கு 80. கோடை மாதங்களுக்கு வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். கட்டணம் சுமார் 35 யூரோ. 6 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அனுமதி இல்லை, கேமராவும் கூடாது. இடம் கிடைக்கவில்லையென்றால், மறுநாளுக்கான சில சீட்டுகளை வல்லெட்டாவின் புனித எல்மோ கோட்டையில் கூடுதல் விலைக்கு விற்பார்கள். திறக்கும் முன்பே போய் வரிசையில் நின்றால் வாய்ப்பு உண்டு. சேர்ந்து பார்க்கும் 30 நாள் அனுமதிச்சீட்டில் ஹிபோஜியம் அடங்காது.

ஹஜார் இம், எம்னாய்த்ரா இரண்டும் தெற்குக் குன்றின்மேல் 500 மீட்டர் இடைவெளியில் உள்ள கோயில்கள். எம்னாய்த்ராவில் பகலும் இரவும் சமமாகும் நாட்களில் உதயச் சூரியனின் ஒளி வாசல் வழியே நேராக உள்ளே விழும்படி கட்டியிருக்கிறார்கள். 74 பஸ்ஸில் காலையிலேயே வந்துவிட்டால் கோயில்களும் கீழேயுள்ள நீலக்குகையும் ஒரே பயணத்தில் முடியும். குகைக்குள் நீலம் ஒளிர்வது காலை வெயிலில்தான். மதியத்துக்கு மேல் நிறம் மங்கும். எனவே வானம் தெளிவாகவும் தெற்குக் காற்று இல்லாமலும் இருக்கும் நாளில் குகையை முதலில் முடித்துவிட்டுக் கோயிலுக்கு ஏறுங்கள்.

துருக்கியரின் 1565 முற்றுகைக்கு மறுவருடம், அப்போது தீவை ஆண்ட புனித ஜான் வீரர்கள் வல்லெட்டாவைக் கட்டத் தொடங்கினார்கள். புனித ஜான் இணைப் பேராலயத்துக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். வெளியே மொட்டைச் சுவர், உள்ளே தங்கம். தரை முழுவதும் வண்ணப் பளிங்கில் வீரர்களின் கல்லறைக் கற்கள். அதனால்தான் குதிகால் கூரான செருப்புக்கு அனுமதி இல்லை. தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். பக்கத்து அறையில் கராவாஜியோ 1608இல் தீட்டிய புனித யோவானின் சிரச்சேத ஓவியம். அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் இதுதான், கையெழுத்து தரையில் வழியும் ரத்தத்தில் இருக்கிறது. ஞாயிறன்று சுற்றுலாப் பயணிகளுக்குத் திறப்பதில்லை. ஞாயிறு காலையை மார்சஷ்லோக் மீன்சந்தைக்கும், முகப்பில் கண் வரைந்த லுட்ஸு என்ற மீன்பிடிப் படகுகளுக்கும் வைத்துக்கொள்வது பொருத்தம்.

வல்லெட்டாவின் அப்பர் பராக்கா தோட்டத்துக்குக் கீழே நண்பகல் 12 மணிக்கும் மாலை 4 மணிக்கும் பீரங்கி முழங்கும். தோட்டத்தின் விளிம்பில் நின்று பார்க்கக் காசு வேண்டாம். கால்மணி முன்பே இடம் பிடியுங்கள். பிறகு அங்குள்ள மின்தூக்கியில் இறங்கி, படகில் எதிர்க்கரை பிர்கு ஊருக்குப் போங்கள். வல்லெட்டாவைவிடப் பழைய தெருக்கள், கூட்டம் பாதிகூட இராது.

எம்தினா பழைய தலைநகர். பகலில் சுற்றுலாக் குழுக்கள் நிறைந்திருக்கும், மாலை 6 மணிக்கு மேல்தான் அதன் அமைதி திரும்பும்.

தண்ணீரில் கவனிக்க வேண்டியவை

பெரிய கடற்கரைகளில் கோடையில் உயிர்காப்பாளர்கள் உண்டு. சிவப்புக் கொடி என்றால் இறங்காதீர்கள். ஊதாக் கொடி ஜெல்லிமீன் போன்றவை இருப்பதைச் சொல்கிறது. அங்கே அதிகம் கொட்டுவது ஊதா நிறச் சிறு ஜெல்லிமீன். கொட்டிய இடத்தைக் கடல் நீரால் மட்டும் கழுவுங்கள். குழாய்த் தண்ணீர் பட்டால் தோலில் ஒட்டியிருக்கும் வெடிக்காத கொட்டுச் செல்களும் வெடித்து எரிச்சல் கூடும். துணியால் தேய்ப்பதும் அப்படித்தான். சமையல் சோடாவையும் கடல் நீரையும் சம அளவு குழைத்துச் சில நிமிடம் பூசி, பிறகு ஏதாவது அட்டையால் மெதுவாக வழித்தெடுத்து, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். ஒரு சிறு பொட்டலம் சோடாவை கடற்கரைப் பையிலேயே போட்டு வையுங்கள். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்தால் உடனே 112.

நீரோட்டம் உள்ளிழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். அதில்தான் களைத்துப்போகிறார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தை விட்டு விலகிய பிறகே கரைப் பக்கம் திரும்புங்கள்.

சாப்பாடும் தண்ணீரும்

காலைக்கு பஸ்டிட்ஸி. ரிகோட்டா பாலாடை அல்லது பட்டாணி வைத்த மொறுமொறு அடுக்குப் பப்ஸ், ஒரு யூரோ கொடுத்தாலே கிடைக்கும். சுத்த சைவர்கள் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பழைய முறையில் சேர்ப்பதுண்டு. ஹோப்ஸ் பிஸ்ஸெயிட் என்ற தக்காளி தேய்த்த ரொட்டியில் சூரைமீன் வைப்பார்கள், வேண்டாமென்று சொன்னால் எடுத்துவிடுவார்கள். பழைய கடைகளில் டின்பால் ஊற்றிய தேநீரைக் கண்ணாடி டம்ளரில் தருவார்கள். ஐரோப்பாவில் நம் நாக்குக்கு அவ்வளவு நெருக்கமான தேநீர் வேறெங்கும் கிடைப்பது அரிது.

குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி கடல்நீரைச் சுத்திகரித்தது. குடிப்பதால் கெடுதல் இல்லை, சுவைதான் பிடிக்காது. பாட்டில் தண்ணீர் வாங்கினால் பாட்டிலுக்கு 10 சென்ட் வைப்புத்தொகை சேர்த்து வாங்குவார்கள். நசுக்காமல் வைத்திருந்து பெரிய கடைகளின் வெளியிலுள்ள இயந்திரத்தில் போட்டால் ரசீது வரும், அதைக் கல்லாவில் கொடுத்துக் காசைத் திரும்ப வாங்கலாம். நசுங்கிய பாட்டிலை இயந்திரம் ஏற்காது.